வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்: நெக் சேரும் இடத்துக்குப் பாலிஷும் பெயின்ட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஏற்காடு பக்கம் சொந்தமாக கிட்டார் செய்கிறவர்களுக்கு பாடி வெட்டுவதில் பெரிய சந்தேகம் வருவதில்லை. அட்டையில் வரைந்து மரப் பட்டறையில் கொடுத்தால் அறுத்துத் தந்துவிடுகிறார்கள். வயரிங்குக்குப் படம் எங்கும் கிடைக்கிறது. எல்லாரும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் நெக்கும் (விரல் வைத்து வாசிக்கும் நீளமான கழுத்து) பாடியும் சேருகிற அந்த மூன்று அங்குலம்தான். அங்கே பூச்சு வேண்டுமா, எவ்வளவு, எப்போது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். நெக்கின் கனமான அடிப்பகுதியை ஹீல் என்றும், அது போய் உட்காரும் பள்ளத்தை பாக்கெட் என்றும் சொல்கிறேன்.

பாக்கெட்டுக்குள்ளேயும் பெயின்ட் அடிக்கணுமா?

உங்கள் நெக் ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். 1950இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் விற்க ஆரம்பித்த கிட்டாரில் நாலு ஸ்க்ரூ போட்டு நெக்கைப் பாடியோடு இறுக்கியிருந்தார். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் நெக் பசையால் ஒட்டியது. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஃபெண்டர் வழியில் போகிறார்கள், அதுதான் சுலபம்.

ஸ்க்ரூ நெக் என்றால் பாக்கெட்டுக்குள் கலர் வேண்டாம், மரத்தின் நுண்துளையை அடைக்கும் மெல்லிய சீலர் மட்டும் போதும். பசை நெக் என்றால் பசை படும் முகத்தில் எதுவுமே படக்கூடாது. பசை மர நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். பெயின்ட் மேல் ஒட்டினால் அது பிடித்திருப்பது பெயின்ட்டைத்தான், மரத்தை அல்ல. ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுப்பு கொடுக்கும்போது அந்தத் தோல் அப்படியே உரிந்து வரும்.

கலர் வேண்டாம் என்றால் சீலர் மட்டும் எதற்கு? பச்சை மரமாகவே, அதாவது எதுவும் பூசாத வெறும் மரமாகவே விட்டால் என்ன?

விடலாம். நிறைய பழைய கிட்டார்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊர் விஷயம் வேறு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் நாள் கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். கீழே சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் காய்ச்சல். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மரத்துக்கு வேறு உலகம். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில் வைத்த மரம் மெதுவாக 16 சதவீத ஈரத்துக்குப் போய் நிற்கும். 40 சதவீதக் காற்றில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஹீலின் அகலம் வழக்கமாக 56 மி.மீ. மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால், பட்டையாக அறுத்த தேக்கு அந்த அகலத்தில் 0.4 மி.மீ. வரை, மேப்பிள் 0.8 மி.மீ. வரை உப்பும் அல்லது சுருங்கும். பாடியும் சேர்ந்தே அசைவதால் முழு வித்தியாசமும் இணைப்பில் தெரியாது. ஆனால் பாடிக்கு வெளியே தடிமனாகப் பூச்சு இருந்து, ஹீல் மட்டும் பச்சையாக இருந்தால் ஹீல் வேகமாக அசையும், பாடி மெதுவாக அசையும். அந்த இழுபறி ஓரத்துப் பெயின்ட்டில் போய் முடியும்.

முக்கியமாக மூட வேண்டியது இரண்டு இடம்: ஹீலின் கடைசி முகம், பாக்கெட்டின் பின்சுவர். இரண்டிலும் மர நார் குறுக்கே வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும், ஈரத்தை அங்கேதான் உறிஞ்சும். 100 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் 12 கிராம் அரக்குச் செதில் கரைத்து, அந்த இரண்டு முகத்துக்கும் இரண்டு கை, மற்ற இடத்துக்கு ஒரு கை துடைத்து விடுங்கள். காய்ந்த பிறகு தடிமன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

பச்சை மரமும் பச்சை மரமும் தொட்டால்தான் சத்தம் நன்றாக வரும் என்கிறார்களே?

சொல்கிறார்கள். ஹீலுக்கு அடியில் அட்டைத் துண்டு சொருகிய பழைய ஃபெண்டர்களை வைத்துத்தான் உலகமே வாசித்துக்கொண்டிருந்தது. மயிரிழை அரக்கு சத்தத்தைக் கெடுக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஹீல் தளத்தில் முழுதாகப் படிந்து உட்கார்ந்திருக்கிறதா என்பது மட்டும் முக்கியம். ஆடுகிற நெக்குக்கு எந்த மரம் போட்டாலும் சத்தம் செத்துத்தான் வரும்.

தெரியாமல் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் தேங்கிவிட்டது. குடியா முழுகிவிடும்?

முழுகாது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கெட் நீளம் சுமார் 75 மி.மீ. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் போய் நிற்கும் பாகம்) பக்கத்து மூலையில் 0.3 மி.மீ. பெயின்ட் திரண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீல் அந்தப் பக்கம் தூக்கி, நெக் பின்னால் சாயும். சாய்வு 250க்கு 1. பாக்கெட்டின் வாயிலிருந்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரை 265 மி.மீ. இருக்கும். ஆக சேடில் இருக்கும் இடத்தில் 1 மி.மீ. வித்தியாசம். மூன்றில் ஒரு பங்கு மி.மீ. பெயின்ட், சேடிலை ஒரு முழு மி.மீ. தூக்க வைக்கிறது. சேடில் ஸ்க்ரூ ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் அதற்கு மேல் போக இடமில்லை.

தளம் முழுக்கச் சமமாக 0.3 மி.மீ. படிந்திருந்தால் பிரச்சினை இல்லை, சேடிலையும் அதே 0.3 தூக்கினால் சரி. ஒரு பக்கம் மட்டும் திரளுவதுதான் ஆபத்து. பெயின்ட்டுக்கோ மூலையைக் கண்டால் திரளும் குணம்.

எங்கே திரண்டிருக்கிறது என்று கண்ணால் தெரியாது. பத்திரம் எழுதுகிற கடைகளில் இன்னும் கார்பன் பேப்பர் விற்கிறார்கள். ஒரு துண்டை மைப்பக்கம் கீழே பார்க்க பாக்கெட்டில் விரித்து, ஹீலை வைத்து மரச் சுத்தியால் லேசாக இரண்டு தட்டு தட்டி எடுங்கள். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். உளியைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து அந்த நீலத்தை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி வையுங்கள், மறுபடி தட்டுங்கள். நீலம் தளம் முழுக்கப் பரவலாக விழும் வரை இதே வேலைதான். முதல் தடவை வைக்கும்போது பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி வட்டமாக நீலம் விழும். அது பெயின்ட் அல்ல, ட்ரில் போட்டபோது மேலே தூக்கிக்கொண்ட மரம். அதைப் பற்றிக் கீழே.

பாக்கெட்டை எப்படி மறைப்பது? மாஸ்கிங் டேப் போதுமா?

டேப்பை விட ரீப்பர் நல்லது. ஒன்றரை அங்குல அகலத்தில் இரண்டு அடி ரீப்பர் துண்டு எடுத்து, நெக் ஸ்க்ரூ போடும் அதே ஓட்டைகள் வழியாகப் பாக்கெட்டில் இறுக்கிவிடுங்கள். தளத்தின் பெரும்பகுதியை அது மூடிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கைப்பிடி. பாடியைத் தொடாமல் முன்னும் பின்னும் திருப்பி ஒரே மூச்சில் ஸ்பிரே அடிக்கலாம், முடிந்ததும் ரீப்பர் நுனியில் ஆணி அடித்துக் கொடியில் தொங்கவிடலாம். ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே 1960களில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து பாடிகளின் பாக்கெட்டில் குச்சி இருந்த இடம் மட்டும் பெயின்ட் இல்லாமல் பட்டையாகத் தெரியும்.

ரீப்பருக்கு இரண்டு பக்கமும் சுவரோரமாக கொஞ்சம் தளம் திறந்திருக்கும். அங்கே டேப். சுவருக்கும் டேப் ஒட்டுவதானால் மேல் விளிம்பிலிருந்து 1 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை கொண்டுபோய் ஒட்டினால் டேப்பை எடுக்கும்போது மேல் முகத்துப் பெயின்ட்டும் கூடவே வரும். கடைசி கோட் தொட்டால் ஒட்டாது, ஆனால் நகம் வைத்தால் பதியும் என்ற நிலையில் டேப்பை எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காயவிட்டால் புது பிளேடால் விளிம்பில் கோடு கிழித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். செய்தித்தாளைத் திணித்து மறைக்காதீர்கள், தின்னர் பட்டால் அச்சு மை மரத்தில் இறங்கும்.

நெக்குக்கு?

ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) ஓட்டையில் கம்பி கோத்துத் தொங்கவிடுங்கள். ஹீலின் அடிமுகத்துக்கு மட்டும் டேப். ஹீலின் பக்கங்கள் பாக்கெட்டுக்குள் மறைந்துவிடும் என்றாலும் ஒரு கோட் சீலர் படட்டும். பிரெட்போர்டு (விரல் அழுத்தும் மேல் பலகை) ஈட்டி மரம் என்றால் அதை முழுக்க மூடுங்கள், அதற்குப் பூச்சே தேவையில்லை.

பெயின்ட் அடிக்கும் முன் நெக் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது உள்ளே போகவே மாட்டேன் என்கிறது!

கச்சிதமாக உட்கார்ந்ததுதான் காரணம். பச்சை மரத்தில் இடைவெளியே இல்லாமல் வெட்டிவிட்டு, இரண்டு சுவரிலும் 0.2 மி.மீ. பூச்சு ஏற்றினால் பள்ளம் 0.4 மி.மீ. குறுகிவிடும். சுவரில் பூச்சு வரப்போகிறது என்றால் வெட்டும்போதே ஒவ்வொரு பக்கமும் அந்த இடத்தை விட்டு வைக்க வேண்டும். பூச்சு இல்லாத நிலையில் இரண்டு பக்கமும் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு லூசாக இருந்தால் பெயின்ட்டுக்குப் பிறகு சரியாக வரும்.

ஸ்க்ரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூட வர வேண்டும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். மரவேலைத் திறமைக்கு அது நல்ல விளம்பரம். பெயின்ட் அடித்த கிட்டாருக்கு நல்லதல்ல. நாலு ஸ்க்ரூவின் இறுக்கம்தான் நெக்கைப் பிடிக்கிறது, பக்கச்சுவர் அல்ல.

இப்போது என்ன செய்வது? தட்டி இறக்காதீர்கள். சமமான சின்னக் கட்டையில் 220 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, பாக்கெட் சுவரில் உள்ள பூச்சை மட்டும் தேயுங்கள். விளிம்புக்கு வரும்போது தாளை உள்ளே தள்ளும் திசையில் மட்டும் ஓட்டுங்கள். வெளியே இழுக்கும் திசையில் ஓட்டினால் மேல் விளிம்பில் பெயின்ட் சில்லுச் சில்லாகப் பெயரும். ஹீலைத் தேய்த்துச் சின்னதாக்கலாமே என்று தோன்றும், அதைத் தொடாதீர்கள். நாளைக்கு வேறு பாடிக்கு அதே நெக் வேண்டியிருக்கலாம்.

பாக்கெட்டின் மூலையிலிருந்து பெயின்ட்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறது. மரமே வெடித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பாக்கெட்டின் வாயருகே, பாடியின் கீழ்க் கொம்பு (கொம்பு போல் நீண்டிருக்கும் முனை) பக்கம் மரம் மிகவும் மெல்லியதாக இருக்கும். நெக்கை ஒரு பக்கமாக வளைத்துக் கழற்றினாலோ, இறுக்கமாகத் திணித்தாலோ அந்த மெல்லிய சுவர் நூலளவு வளையும். மரம் வளைந்துவிட்டுத் திரும்பிவிடும், பெயின்ட் திரும்பாது. தடிமனான பாலியெஸ்டர், பி.யு. (பாலியூரிதேன்) பூச்சுள்ள தொழிற்சாலை கிட்டார்களிலேயே இந்த விரிசல் சாதாரணம்.

மரமா, பெயின்ட்டா என்று பார்க்க கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்றி, பாக்கெட்டின் உள்ளிருந்து அதே இடத்தைப் பாருங்கள். உள்ளே கோடு இல்லை என்றால் வெறும் பூச்சு விரிசல். கழற்றும்போது எப்போதும் நேர் மேலே தூக்குங்கள். பின்னால் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, திருப்புளிப் பிடியால் அதன் தலையில் மெதுவாகத் தட்டினால் ஹீல் தானாக மேலே வரும்.

எந்தப் பூச்சு வாங்கலாம்?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பெயின்ட் கடையில் போய் நின்றால் எல்லாமே கிடைக்கும், அதுதான் குழப்பம். இந்த இணைப்பை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

அரக்குப் பாலிஷ், அதாவது நம்ம பாலிஷ்காரர்கள் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பது, மெல்லியது, பாக்கெட்டுக்கும் ஹீலுக்கும் இதைவிட நல்லது இல்லை. கை படும் நெக் முதுகுக்கு வியர்வை தாங்காது. பி.யு. அடியில் போடுவதானால் மெழுகு நீக்கிய அரக்கு கேளுங்கள், மெழுகோடு உள்ளதன் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மெல்லியதாக வரும், ஒரு கோட் மேல் இன்னொரு கோட் அடித்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகும், ரிப்பேர் சுலபம். குறை என்னவென்றால் அது வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் இளகும் குணம் உள்ளது. பாக்கெட்டில் தடிமனாக விட்டால் வெயில் காலத்தில் ஹீலோடு ஒட்டிக்கொள்ளும்.

2கே பி.யு., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு., கெட்டியானது, வியர்வைக்கும் வெயிலுக்கும் அசையாது. தடிமன் ஏறும், ஓரத்தில் சில்லுப் பெயரும். பாடிக்குச் சரி, பாக்கெட்டுக்குள் வேண்டாம்.

லின்சீட் ஆயில் மாதிரியான எண்ணெய்ப் பூச்சு நெக் முதுகுக்குக் கைக்கு இதமாக இருக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், சேலம் மே மாதத்தில் இன்னும் சீக்கிரம். பனியன் வேஸ்ட் துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

ஏற்காட்டில் லாக்கர் அடித்தேன். அடித்த நிமிஷமே பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும். மூடுபனி நாளில் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகிப் பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளுப்பு அதுதான். பாக்கெட்டைச் சுற்றியும் ஹீல் வளைவிலும் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் ஸ்பிரே தேங்கி ஈரமாக நிற்கிறது.

உடனே தேய்க்க வேண்டாம். வெயில் வந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை (கடையில் ரிட்டார்டர் என்று கேளுங்கள்) லேசாக மேலே ஸ்பிரே செய்தால் பூச்சு மறுபடி இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறி, தெளிவாகிவிடும். அடிக்கும்போதே தின்னரில் கொஞ்சம் ரிட்டார்டர் கலந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் அதிகம் கலந்தால் நாள் கணக்கில் காயாமல் நிற்கும். மழை மாதங்களில் மலை மேல் இருப்பவர்களுக்கு என் யோசனை: பாடியை அடிவாரத்துக்குக் கொண்டுவந்து அடியுங்கள், அல்லது அந்த மாதங்களுக்கு அரக்கும் எண்ணெயும் போதும் என்று இருங்கள். அறைக்குள் அடுப்பு மூட்டிச் சூடாக்கி அடிக்கிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம், லாக்கர் தின்னர் ஆவி தீயைத் தேடிப் போகும்.

சேலம் வெயிலில்?

நேர் எதிர் தொல்லை. மதியம் அடித்தால் ஸ்பிரே மரத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து தூசி போல் படியும், தொட்டால் சொரசொரக்கும். கெட்டியாக அடித்தாலோ மேல் தோல் முதலில் காய்ந்து, அடியில் உள்ள தின்னர் குமிழாக வெடிக்கும். காலை வெயில் ஏறுவதற்குள் நிழலில் அடித்து முடித்துவிடுங்கள். வேறு வித்தை ஒன்றும் இல்லை.

எனக்குப் பசை நெக்தான் வேண்டும். முதலில் பெயின்ட்டா, முதலில் பசையா?

முதலில் பசை. ஒட்டி, ஹீலையும் பாடியையும் சேர்த்து வடிவம் தேய்த்து, அப்புறம் முழு கிட்டாருக்கும் ஒரே பூச்சு. தனித்தனியாகப் பெயின்ட் அடித்துவிட்டு ஒட்டுவதும் முடியும், ஆனால் சேரும் கோடு துல்லியமாக வர வேண்டும், பசை ஒரு துளி பிதுங்கினாலும் முகத்தில் தெரியும். முதல் கிட்டாருக்கு வேண்டாம்.

பிதுங்கும் பசைதான் இங்கே பெரிய எதிரி. வெள்ளைப் பசை மரத்தில் இறங்கிக் காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் ஸ்டெயின் (மரச் சாயம்) ஏறாது, பாலிஷ் போட்டதும் தேமல் மாதிரி வெளிறித் தெரியும். ஒட்டியதும் ஈரத் துணியால் துடையுங்கள், உள்மூலைக்குப் பழைய டூத் பிரஷ். காய்ந்த பிறகு தின்னரில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பசை இருக்கும் இடம் நனைந்தும் கறுக்காமல் வெளிறி நிற்கும், அதை ஸ்டெயினுக்கு முன்பே சுரண்டிவிடலாம்.

ஹீல் பாடியோடு சேரும் உள்வளைவில் கட்டை வைத்துத் தேய்க்க முடியாது. பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். ஸ்பிரே அடிக்கும்போது அந்த மூலைக்கு முதலில் தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய கை, பிறகுதான் மற்ற இடம். கடைசியில் மூலையை நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் வழிந்து சொட்டு நிற்கும்.

பசை எது என்றும் கேட்கிறார்கள். காய்ந்த பிறகு ரப்பர் போல் வளையாமல் கெட்டியாக நிற்கும் மரப் பசை வேண்டும். வளையும் குணமுள்ள வெள்ளைப் பசை, வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடானால் இழுப்புக்கு மெதுவாக நழுவிக் கொடுக்கும். பசை எதுவானாலும் கிட்டாரைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஒட்டியபோது கோடே தெரியவில்லை. சில மாதம் கழித்துப் பூச்சின் மேல் மெல்லிய கோடு எழும்பியிருக்கிறது.

பயப்பட வேண்டாம். பசையின் தண்ணீரை உறிஞ்சி இணைப்பின் ஓரம் கொஞ்சம் உப்பியிருக்கும். அது வற்றும் முன்பே சமமாகத் தேய்த்துப் பூச்சுப் போட்டால், பின்னால் சுருங்கும்போது கோடு விழும். ஒட்டிய பிறகு ஒன்றிரண்டு வாரம் சும்மா வைத்துவிட்டுத் தேய்த்தால் இது குறையும், முழுக்கப் போகாது. இரண்டு மரத்துண்டும் பருவத்துக்குப் பருவம் அசையும், மேலே உள்ள பூச்சு அதைக் காட்டிக்கொடுக்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கம்பி ஏற்றிய நிலையில் அந்தக் கோட்டில் பிளேடு நுனி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், அல்லது கம்பியின் உயரம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், பசை விட்டிருக்கிறது. கம்பியைத் தளர்த்தி வைத்துவிட்டு அடுத்த வேலையை யோசியுங்கள்.

ஸ்க்ரூ நெக்தான். ஆனால் இடைவெளியில் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்து ஒரே மரம் போல் காட்டலாமா?

வேண்டாம். ஒரு மாதத்தில் வெடிக்கும். வெடித்த பட்டி இடைவெளியை விட அசிங்கமாக இருக்கும். அதோடு நெக்கை இனி கழற்றவே முடியாது, ஸ்க்ரூ நெக்கின் லாபமே போயிற்று.

ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் பொரிந்து வருகிறதே?

பாடியில் உள்ள ஓட்டையில் ஸ்க்ரூ பிடிக்கக் கூடாது, வழுக்கிப் போக வேண்டும். வழக்கமான 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு பாடியில் 4.5 மி.மீ., ஹீலில் ஒரு நூல், அதாவது 3.2 மி.மீ. ஓட்டை. பாடி ஓட்டையிலும் மரை பிடித்தால் ஸ்க்ரூ இறுகிவிட்டது போல் தோன்றும், நெக்கும் தளமும் சேர்ந்திருக்காது.

பெயின்ட்டுக்குப் பிறகு பெரிய ட்ரில் பிட்டைக் கையால் பிடித்து, ஓட்டையின் வாயில் இரண்டு சுற்று திருப்பி விளிம்பைச் சரித்துவிடுங்கள். பின்பக்கம் பெயின்ட் பொரியாது. பாக்கெட் பக்கமும் இதையே செய்தால், மேலே சொன்ன அந்த நீல வட்டம் மறைந்துவிடும். ஸ்க்ரூ மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஏற்றுங்கள். மேப்பிளிலோ வேங்கையிலோ வறட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் தலை முறிந்து உள்ளே நிற்கும்.

எங்கள் எஸ்டேட்டில் விழுந்த சில்வர் ஓக்கில் பாடி செய்தேன். இதற்குத் தனியாக ஏதாவது?

காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குக் கொம்பாகவும் நிற்கும் மரம். அழகான கண்ணாடிப் பூ விழும், எடையும் குறைவு. மென்மையான மரம் என்பதால் பின்னால் உலோகத் தகடு இல்லாமல் ஸ்க்ரூவை நேரே இறுக்கினால் தலை உள்ளே அமிழ்ந்து, சுற்றிலும் பூச்சு உடையும். நெக் பிளேட் கட்டாயம். பாக்கெட் பின்சுவர் பூச்சை உறிஞ்சும், அரக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். தேய்க்கும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், இந்த மரம் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும்.

தேக்கு என்றால் எதிர்ப்பக்கக் கவலை. அதன் எண்ணெய்ப் பசை பூச்சையும் பசையையும் தள்ளும். ஒட்டுவதற்கோ சீலர் போடுவதற்கோ சற்று முன்னால் அசிட்டோனில் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் வேலையை முடியுங்கள். நேற்றே துடைத்து வைத்தேன் என்றால் எண்ணெய் திரும்ப மேலே வந்திருக்கும்.

கார் பெயின்ட் பட்டறையில் கொடுக்கலாமா அண்ணா?

தாராளமாக. அவர்களிடம் கம்ப்ரசர் இருக்கிறது, கை இருக்கிறது, 2கே அடித்து அடித்துப் பழக்கம். ஆனால் அவர்கள் வேலை தகரத்தில். முதலில் பட்டி, அதன் மேல் தடிமனாக பிரைமர், அதன் மேல் கலர், கிளியர் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ரீப்பரை நீங்களே மாட்டி, டேப்பும் நீங்களே ஒட்டிக் கொண்டுபோங்கள். "இந்தப் பள்ளத்துக்குள் பட்டி ஒரு சொட்டுகூட வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, வீட்டு மொட்டை மாடியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற சரக்கு அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டறைக்குக் கொடுப்பது உத்தமம்.

பெயின்ட் காய்ந்து எத்தனை நாளில் நெக்கை மாட்டலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. 2கே என்றால் ஒரு வாரம். என்.சி. லாக்கர் என்றால் மூன்று, நாலு வாரம், மழைக்காலத்தில் இன்னும் கூட. மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு இறுக்கினால் நெக் பிளேட்டின் அச்சு அப்படியே பூச்சில் பதியும், ஹீலின் ஓரமும் பாக்கெட் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு என்றைக்காவது கழற்றும்போது விளிம்பே பெயர்ந்து வரும். பிளேட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை அதே அளவில் வெட்டிப் போடுங்கள். ஹீலின் பக்கங்களில் சிலிக்கான் இல்லாத மெழுகுப் பாலிஷ் லேசாகத் தடவலாம். சிலிக்கான் கலந்தது பட்டால் பின்னால் அந்த இடத்தில் எந்தப் பூச்சும் பரவாது, குழி குழியாக விலகி ஓடும்.

விளிம்பில் ஒரு சில்லு போய்விட்டது. முழுக்க மறுபடி அடிக்கணுமா?

சில்லு கையில் இருந்தால் அதையே சூப்பர் குளூ ஒரு துளி வைத்து ஒட்டிவிடுங்கள், கலர் பொருந்திப் போகும். தொலைந்துவிட்டால் அதே கலரைப் பல்குச்சி நுனியால் தொட்டு வைத்து, காய்ந்ததும் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு மேடாக்குங்கள். ஒவ்வொரு சொட்டும் கெட்டியான பிறகுதான் அடுத்தது. சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு 400, 800, 1500 வாட்டர் பேப்பரில் வரிசையாகச் சமன் செய்து, கார் ரப்பிங் காம்பவுண்டால் துடைத்தால் போதும். நெக் மாட்டியிருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள். சூப்பர் குளூ இடுக்கில் இறங்கினால் ஸ்க்ரூ நெக்கும் பசை நெக் ஆகிவிடும்.